குமரப் பருவத்தினரும் குழு உளமருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இளைஞரை ஒன்றுகூட்டினால் நன்மை விளையும் என்பது திருச்சபையில் நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ள கருத்துகளுள் ஒன்றாகும். வாலிபர் ஐக்கியம், விடுமுறை முகாம், சிறு குழு உரையாடல் ஆகிய அனைத்தும் இந்நம்பிக்கையின்மீதே கட்டப்பட்டுள்ளன. வீட்டில் வாய் திறவாத பிள்ளை தன் வயதினர் நடுவில் பேசுகிறது. பெற்றோர் சொல்லைப் பொருட்படுத்தாதவன் தோழன் சொல்லுக்குச் செவிசாய்க்கிறான். ஆகவே, இடர்ப்படும் இளைஞரைக் குழுவாகச் சேர்த்துப் பேசவைப்பதே அவர்களை நலப்படுத்தும் வழி என்று போதகர்களும் ஆசிரியர்களும் எளிதில் முடிவு செய்கின்றனர்.

இம்முடிவு பாதி உண்மையே. இளைஞர் ஒருவரையொருவர் குணப்படுத்தக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் கெடுக்கவும் கூடும் என்பதற்கும், அக்கேடு நல்லெண்ணம் மிக்கவர்கள் அமைத்த குழுக்களிலேயே நிகழ்ந்துள்ளது என்பதற்கும் சான்றுகள் உண்டு. இருவகைச் சான்றுகளும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் திரண்டவை. அவ்வரலாற்றை, குமரப் பருவத்தினர்க்கென நடத்தப்பெற்ற குழுக்களை முதன்மைப்படுத்தி, சுருக்கமாக எடுத்துரைப்பதும், மேய்ப்பர் பணியில் இருப்போர்க்கு அதனின்று பெறப்படுவன யாவை என வினவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாஸ்டனில் ஒரு வகுப்பு

குழு உளமருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1905ஆம் ஆண்டில் தொடங்குவர். அவ்வாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் ஹெர்சி பிராட் என்னும் மருத்துவர், மருத்துவ இல்லங்களுக்குச் செல்ல வசதியற்ற ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒரு வகுப்பாகக் கூட்டினார். ஓய்வு, தூய காற்று, உணவு ஆகியவை பற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போதிப்பதைக் காட்டிலும் பலருக்கு ஒருங்கே போதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதே அவர் தொடக்கத்தில் கருதியது. நோயாளிகள் நாள்தோறும் தங்கள் உடல்நிலையை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவந்தனர். ஒருவர் தேறிவருவதைக் கண்ட மற்றவர் ஊக்கம் பெற்றார். போதனையைக் காட்டிலும் இத்தோழமையே மருந்தாகச் செயற்பட்டதைப் பிராட் நாளடைவில் உணர்ந்தார்.

இவ்வகுப்புக்குப் பொருளுதவி அளித்தது பாஸ்டனில் உள்ள இம்மானுவேல் ஆலயம் என்னும் எபிஸ்கோப்பல் திருச்சபையாகும். அதன் குருவாகிய எல்வுட் உஸ்டர் 1906இல் மருத்துவர்களோடு இணைந்து, நரம்புத் தளர்ச்சியாலும் மதுப்பழக்கத்தாலும் வாடியவர்களுக்கென ஆலயத்திலேயே ஒரு பணியைத் தொடங்கினார். ஆக, குழு உளமருத்துவத்தின் தொடக்கத்தில் ஒரு திருச்சபையின் காணிக்கைப் பணம் இருந்தது என்பது இறையியல் மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

இதற்கும் முற்பட்ட ஒரு மரபு திருச்சபை வரலாற்றில் உண்டு. 1738இல் ஜான் வெஸ்லி, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுமாறு யாக்கோபு நிருபம் கூறும் அறிவுரையை அடிப்படையாகக் கொண்டு, சிறு குழுக்களுக்கான விதிகளை வகுத்தார். ஆண்கள், பெண்கள், மணமானவர், மணமாகாதவர் எனக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனைத் தீர்க்கவேண்டிப் பன்னிருவர்க்கு ஒருவராகத் தலைவர்களை நியமித்தபோது, காசு வசூலிக்கச் சென்ற தலைவர்கள் மக்களின் உள்நிலையையும் அறிந்து வந்தனர். அதுவே வகுப்புக் கூட்டமாக வளர்ந்தது. வெஸ்லியின் குழுக்களை உளமருத்துவக் குழுக்கள் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், யாரை யாருடன் சேர்ப்பது என்னும் வினாவை அவர் புறக்கணிக்கவில்லை. இவ்வினா இவ்வரலாறு முழுவதும் மீண்டும் மீண்டும் எழுவதைக் காண்போம்.

2. ஆஸ்திரியாவில் பன்னிரண்டு சிறுவர்

முதல் உலகப் போர் முடிந்த 1918இல், வியன்னா நகரத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஆகஸ்ட் ஐக்கார்ன், ஓபர்ஹொல்லாபிரன் என்னுமிடத்தில், அகதிகள் முன்பு தங்கியிருந்த கொட்டகைகளில் நெறிபிறழ்ந்த சிறாருக்கான இல்லம் ஒன்றை ஏற்று நடத்தினார். அக்காலச் சீர்திருத்தப் பள்ளிகள் பிரம்பையும் பூட்டையுமே நம்பியிருந்தன. ஐக்கார்ன் வேறொரு வழியைத் தேர்ந்தார். பிள்ளைகளை அவர்களின் இயல்புக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து, கூடிவாழும் வாழ்க்கையே சிகிச்சையாக அமையும்படி செய்ய முயன்றார்.

இவ்வாறு பிரித்தபோது எக்குழுவிலும் பொருந்தாத பன்னிரண்டு முரட்டுச் சிறுவர் எஞ்சினர். அவர்களை ஒரே குழுவாக வைத்த ஐக்கார்ன், அன்பு பாராட்டுமாறும், ஒருவர்க்கொருவர் காயம் விளைவிக்காதபடி காக்கும் அளவுக்கு மேல் தலையிட வேண்டாம் என்றும் பணியாளர்க்குக் கட்டளையிட்டார். சிறுவர் சாளரங்களையும் சாமான்களையும் உடைத்தனர். அவர்கள் எதிர்பார்த்த அடி விழவில்லை. வன்முறை உச்சத்தை எட்டியபின், சினமே அழுகையாக மாறியது. படிப்படியே அவர்கள் தம் பாதுகாவலர்மேல் பற்றுக்கொண்டனர். இவ்வனுபவங்களை அவர் 1925இல் நூலாக வெளியிட்டபோது, சிக்மண்ட் ஃபிராய்ட் அதற்கு முன்னுரை வழங்கினார்.

ஐக்கார்னின் வெற்றியைப் படிப்போர் அவருடைய பொறுமையை மட்டுமே போற்றுவதுண்டு. ஆனால் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. அப்பன்னிருவரும் இரவும் பகலும் பெரியவர்களின் கண்காணிப்பில் இருந்தனர். மேலும், அவர்களை மாற்றியது அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட செல்வாக்கு அன்று. தங்களை நேசித்த பெரியவர்மேல் அவர்கள் வைத்த பற்றே. தன்னிச்சையாக விடப்பட்ட குழுவுக்கு அவரைச் சான்றாகக் காட்டுதல் தவறாகும்.

3. ஹட்சன் பள்ளியும் உறவுகளின் வரைபடமும்

வியன்னாவில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் மொரினோ, குழு உளமருத்துவம் என்னும் பெயரை 1932இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படுகிறார். அவ்வாண்டில் அவர் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்னுமிடத்திலிருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில் ஆய்வை மேற்கொண்டார். நீதிமன்றங்களால் அங்கு அனுப்பப்பட்ட பெண்கள் பல குடில்களில் வாழ்ந்தனர். ஒவ்வொருத்தியும் யாருடன் வாழ விரும்புகிறாள், யாருடன் வாழ விரும்பவில்லை என்று மொரினோ கேட்டறிந்து, விடைகளைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் வரைபடமாக்கினார். ஹெலன் ஜென்னிங்ஸ் என்பார் அவருக்குத் துணைநின்றார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டே வாரங்களில் 14 பெண்கள் பள்ளியிலிருந்து தப்பியோடினர். வழக்கத்திற்கு மிக அதிகமான எண்ணிக்கை அது. ஒவ்வொரு பெண்ணின் குணக்கேட்டிலும் காரணம் தேடாமல், மொரினோ தம் வரைபடத்தை நோக்கினார். ஓடிப்போனவர்கள் வெவ்வேறு குடில்களைச் சேர்ந்தவராயினும், நட்பு என்னும் கண்ணுக்குப் புலனாகாத கால்வாய்களால் இணைக்கப்பட்டிருந்தனர் என்றும், ஓடிப்போகும் எண்ணம் அக்கால்வாய்களின் வழியே பரவியது என்றும் அவர் விளக்கினார். இவ்வாய்வு 1934இல் நூலாக வெளிவந்தது.

மொரினோவின் நாடகமுறைச் சிகிச்சையைப் பற்றிப் பலர் அறிவர். ஆனால் நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது ஹட்சன் தந்த பாடமாகும். ஆறுதல் செல்லும் அதே கால்வாயில் நஞ்சும் செல்லும். கால்வாயைத் திறந்துவிடும் ஒருவர், அதில் எது பாயப்போகிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

4. ஸ்லாவ்சனும் ரெடலும்: சேர்க்கையின் கலை

குமரப் பருவத்தின் வாயிலில் நிற்போர்க்குக் குழு உளமருத்துவத்தை முறைப்படுத்தியவர் சாமுவேல் ஸ்லாவ்சன். உக்ரேனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர் பொறியியல் பயின்றவர், மருத்துவர் அல்லர். 1934இல் நியூயார்க் யூத அறநிறுவனம் ஒன்றில் இவர் தொடங்கிய செயல்வழிக் குழுக்களில், ஒரே பாலினத்தையும் ஏறத்தாழ ஒரே வயதையும் சேர்ந்த எட்டுப் பேர் வரை இடம்பெற்றனர். மரவேலைக் கருவிகளும் வண்ணங்களும் மேசைமேல் இருக்கும். போதனை இல்லை, விசாரணை இல்லை. தலைவர் அமைதியாக ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பார். இறுதியில் அனைவரும் சேர்ந்து உண்பர். வயதில் மூத்தவர்களுக்கு உரையாடலே வழியாக அமைந்தது. ஸ்லாவ்சனின் முயற்சியால் 1942இல் குழு உளமருத்துவர்க்கான சங்கமும் அமெரிக்காவில் தோன்றியது.

எளிமையாகத் தோன்றும் இம்முறையின் உயிர், கூட்டம் தொடங்குமுன்னரே செய்யப்பட்ட தேர்வில் இருந்தது. பிறரோடு சேர வேண்டும் என்னும் பசி சிறிதளவேனும் இல்லாத பிள்ளையை ஸ்லாவ்சன் குழுவில் சேர்க்கவில்லை. கிளறிவிடுபவன், தணிப்பவன், எப்பக்கமும் சாராதவன், ஒதுங்கியிருப்பவன் எனப் பிள்ளைகள் குழுவில் வகிக்கும் இடங்களை அவர் வகைப்படுத்தினார். கிளறிவிடுபவர் மட்டுமே நிறைந்த குழு சிதறும். ஒதுங்கியவர் மட்டுமே நிறைந்த குழு உறங்கும்.

ஐக்கார்னின் வழியில் வந்த ஃபிரிட்ஸ் ரெடல் இதனை மேலும் ஆராய்ந்தார். 1946 முதல் 1948 வரை டெட்ராய்ட் நகரில் குமரப் பருவத்தை எட்டாத முரட்டுச் சிறுவர்க்கென ஓர் இல்லத்தை டேவிட் வைன்மனோடு இணைந்து நடத்தினார். பணமின்மையால் அது மூடப்பட்டது. ஒருவன் செய்யும் குறும்பு எவ்வாறு நொடிப்பொழுதில் முழுக் குழுவையும் தொற்றுகிறது என்பதை அவர் நுணுகி விளக்கினார். தொற்று என்ற சொல்லையே அவர் கையாண்டார். பிராட் காசநோயாளிகளிடையே தொடங்கிய ஒரு முறையின் வரலாற்றில் இச்சொல் மீண்டும் வருவது சிந்திக்கத்தக்கது.

5. ஹைஃபீல்ட்ஸ்: தோழரே நீதிபதிகள்

1932இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் குழந்தை நியூஜெர்சி மாநிலத்தில் அவரது வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. பெற்றோர் வாழ விரும்பாத அவ்வீடு பின்னர் அரசுக்கு அளிக்கப்பட்டது. 1950இல் அதில் 16, 17 வயது இளங்குற்றவாளிகளுக்கான ஹைஃபீல்ட்ஸ் இல்லம் திறக்கப்பட்டது. லாயிட் மெக்கார்கிள், லவெல் பிக்ஸ்பி ஆகியோர் இதற்கு வித்திட்டவர்கள். போர்க்காலத்தில் தண்டனை பெற்ற படைவீரர்களிடையே குழு உரையாடலைப் பயன்படுத்திய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

இல்லத்தில் ஒரு வேளையில் 20 பேருக்கு மேல் இல்லை. வேலியும் காவலரும் இல்லை. பகலில் அருகிலிருந்த அரசு மனநல நிலையத்தில் வேலை செய்தனர். மாலையில் பத்துப் பேராக இரண்டு குழுக்களில் அமர்ந்து பேசினர். நெறியாளர் விடை கூறமாட்டார். வினாவைக் குழுவிடமே திருப்புவார். புதிதாக வந்தவன் தன்னை நிரபராதியாகக் காட்டினால், அதே பொய்யை முன்பு சொல்லிப் பழகிய தோழர்கள் அவனை விடமாட்டார்கள். மூன்று அல்லது நான்கு மாதங்களில் அவன் வெளியேறுவான். 1958இல் வெளியான ஆய்வில், சீர்திருத்தச் சிறைக்குச் சென்றவர்களைவிட ஹைஃபீல்ட்ஸிலிருந்து சென்றவர்கள் மீண்டும் குற்றத்தில் விழுந்தது குறைவு எனக் காணப்பட்டது. ஆனால் நீதிபதிகள் இரண்டு இடங்களுக்கும் ஒரே தன்மையினரை அனுப்பவில்லை. ஆகவே ஒப்பீடு ஐயத்திற்குரியது எனப் பின்வந்தோர் சுட்டினர். இவ்வழியில் வளர்ந்த மற்றொரு முறையை ஹாரி வொராத், லாரி பிரெண்ட்ரோ ஆகியோர் 1974இல் நூலாக வெளியிட்டனர்.

6. தாக்கும் குழுக்கள்

தோழரின் அழுத்தம் மருந்தானால், மிகுந்த அழுத்தம் மிகுந்த மருந்தாகும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். 1958இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய சினனான் என்னும் அமைப்பில், போதைப் பழக்கத்தினர் வட்டமாக அமர்ந்து ஒருவரை ஒருவர் கடுஞ்சொற்களால் தாக்குவது சிகிச்சையாகக் கருதப்பட்டது. 1970களில் இப்போக்கு இளைஞர்க்கான நிறுவனங்களிலும் நுழைந்தது. ஃபிளாரிடாவில் 1970இல் தொடங்கப்பட்ட சீட் என்னும் திட்டத்தின் முறைகளை, 1974இல் அமெரிக்க மேலவையின் துணைக்குழு அறிக்கை ஒன்று கொரியப் போர்க்காலத்து மூளைச்சலவை முறைகளோடு ஒப்பிட்டது. அதே மாநிலத்தில் 1976இல் தோன்றிய ஸ்ட்ரெயிட் என்னும் நிறுவனமும் பல வழக்குகளுக்கு உள்ளாகி 1993இல் மூடப்பட்டது.

இவற்றின் தலைவர்கள் பலர் தாங்கள் பிள்ளைகளைச் சாவிலிருந்து காப்பதாகவே நம்பினர்; பெற்றோரும் அவ்வாறே நம்பினர். ஒருவர் உள்ளத்தைத் திறக்குமாறு பலர் கூடி வற்புறுத்துவது திருச்சபைக்கும் அந்நியமானதன்று. சாட்சி கூறும்படி இளைஞனை நெருக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இவ்வாபத்தின் ஒரு சிறு விதை உண்டு.

7. காபட்டின் ஆய்வு

இவ்வரலாற்றின் வேதனை மிக்க பகுதியை இனிக் காண்போம். ரிச்சர்ட் கிளார்க் காபட் என்னும் பாஸ்டன் மருத்துவரை இறையியல் கல்லூரிகள் மறத்தல் ஆகாது. 1905இல் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப் பணியைத் தொடங்கியவர் அவரே. 1925இல், இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் நோயாளிகளிடையே ஓராண்டு பயிற்சி பெறவேண்டும் என்று அவர் எழுதினார். அவ்வாண்டிலேயே ஆன்டன் பாய்சன் உஸ்டர் மாநில மனநோய் மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். இன்று நாம் மருத்துவமனைகளில் பெறும் மேய்ப்பர் பணிப் பயிற்சியின் ஊற்று இவ்விருவரே.

காபட் தம் இறுதி நாள்களில் மற்றொரு முயற்சியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் அண்டை நகர்களில், குற்றத்தில் விழக்கூடும் என அஞ்சப்பட்ட சிறுவர்க்கு ஒரு பெரியவரின் நீடித்த நட்பு கிடைத்தால் அவர்கள் நிமிர்வார்களா என்று அவர் அறிய விரும்பினார். விருப்பத்தை நம்பாமல் ஆய்வை நம்பியது அவருடைய பெருமை. சிறுவர் ஒத்த இணைகளாக அமைக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவன் உதவி பெறுபவனாகவும் மற்றவன் பெறாதவனாகவும் நாணயம் சுண்டி முடிவு செய்யப்பட்டது. 1939இல் பணி தொடங்கியது. அவ்வாண்டிலேயே காபட் மறைந்தார். 1945 வரை, சராசரி ஐந்து ஆண்டுகள், ஆலோசகர்கள் வீடுகளுக்குச் சென்றனர்; படிப்பில் உதவினர்; மருத்துவ உதவி பெற்றுத் தந்தனர்; இளைஞர் சங்கங்களில் சேர்த்துவிட்டனர்; பலரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினர்.

முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஜோன் மெக்கார்ட் என்னும் அம்மையார் அந்த 506 பேரையும் தேடினார். உதவி பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது எனக் கூறினர். ஆனால் 1978இல் அவர் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. குற்றம், குடிப்பழக்கம், மனநோய், இளவயது இறப்பு ஆகிய பலவற்றிலும், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தாழ்ந்த நிலையில் இருந்தனர்.

காரணம் என்ன? 1999இல் தாமஸ் டிஷியன், மெக்கார்ட், பிரான்சுவா பூலன் ஆகியோர் சேர்ந்தெழுதிய கட்டுரை ஒரு விளக்கத்தை முன்வைத்தது. கேடு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கோடைகளில் முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே காணப்பட்டது. ஆலோசகரின் நட்பைக் காட்டிலும், முகாமில் மற்றச் சிறுவரோடு கழித்த கண்காணிப்பற்ற நாள்களே அவர்களைப் பாதித்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

8. சிரிப்பின் வல்லமை

இவ்விளக்கத்திற்கு அடிப்படையாக இருந்தது டிஷியன் ஓரிகன் மாநிலத்தில் நடத்திய ஆய்வாகும். 11 முதல் 14 வயது வரையிலான, இடருக்குள்ளாகக் கூடிய பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோர்க்கும் தனித்தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பாடத்திட்டம் நன்கு வகுக்கப்பட்டது. தலைவர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஆயினும் 1995இல் வெளியான முடிவின்படி, பிள்ளைகளின் குழுக்களில் பங்குபெற்றவர்களிடையே ஓராண்டுக்குப்பின் புகைப்பழக்கம் மிகுந்திருந்தது. பள்ளியில் அவர்களின் நடத்தை பற்றிய ஆசிரியர் கணிப்பும் தாழ்ந்திருந்தது. பெற்றோரின் குழுக்கள் நற்பயன் தந்தன.

எப்படி நிகழ்ந்தது இது? நண்பர்கள் இருவராகப் பேசுவதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது விடை தெளிவாயிற்று. ஒருவன் விதிமீறலைப் பற்றிப் பேசுகிறான், மற்றவன் சிரிக்கிறான். அச்சிரிப்பே பரிசு. அப்பரிசைப் பெற்றவன் மீண்டும் அதையே பேசுவான். பேசியதைப் பின்னர் செய்வான். நெறிபிறழ்வுப் பயிற்சி என இதற்குப் பெயரிட்டனர். தலைவர் கற்பிக்கும் பாடம் ஒன்று. கூட்டம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் வாசற்படியில் தோழரின் சிரிப்பு கற்பிக்கும் பாடம் மற்றொன்று.

இம்முடிவைக் கொண்டு எல்லாக் குழுக்களையும் பழிப்பது நேர்மையன்று. ரானல்ட் ஃபெல்ட்மனும் உடனாய்வாளரும் செயின்ட் லூயிஸ் நகரில் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வில், நெறிபிறழ்ந்த சிறுவர் ஓரிருவரை நல்லொழுக்கமுடைய பலரின் குழுவில் சேர்த்தபோது அவர்கள் திருந்தினர், மற்றவர் கெடவில்லை. அத்தகையோரை மட்டுமே சேர்த்த குழுக்களில் அந்நன்மை விளையவில்லை. அனுபவமுள்ள தலைவர்களின் குழுக்கள் மேம்பட்டிருந்தன. 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பாஹ்ர் வைஸ் முதலியோர், குழுச் சிகிச்சை பொதுவாகவே தீங்கானது என்னும் கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றனர். ஆக, குழு நல்லதா தீயதா என்பதன்று வினா. யாரைக் கொண்டு, எவரது தலைமையில், எவ்வகை ஒழுங்கோடு என்பதே வினா.

9. துயருற்றோர்க்கான குழுக்கள்

நெறிபிறழ்ந்தோர் வேறு, துயருற்றோர் வேறு. மனச்சோர்வுற்ற குமரப் பருவத்தினர்க்கென ஓரிகனிலேயே பீட்டர் லூயின்சோன், கிரிகரி கிளார்க் ஆகியோர் ஒரு பாடமுறையை வகுத்தனர். எட்டு வாரங்களில் 16 அமர்வுகள். மனநிலையை நாள்தோறும் குறித்தல், மகிழ்வளிக்கும் செயல்களைக் கூட்டுதல், தன்னைத் தாழ்த்தும் எண்ணங்களை ஆராய்தல், பிணக்குகளைப் பேசித் தீர்த்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அது சிகிச்சை என்று கூடப் பெயர்பெறவில்லை. வகுப்பு என்றே அழைக்கப்பட்டது. 1990இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களைவிடக் குழுவில் கலந்துகொண்டோர் தெளிவாக நலம் பெற்றனர்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்ளும் இளைஞர்க்கு மான்செஸ்டரில் அமைக்கப்பட்ட குழுச் சிகிச்சை நற்பயன் தந்ததாக 2001இல் 63 பேரைக் கொண்ட ஆய்வு கூறியது. பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2009இல் ஆஸ்திரேலியாவிலும், 2011இல் 366 பேரைக் கொண்டு வடமேற்கு இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. முதல் வெற்றியைக் கொண்டாடியவர்களே மீண்டும் சோதித்துத் தம் முடிவைத் திருத்திக்கொண்டனர் என்பது அவர்களின் நேர்மைக்குச் சான்றாகும்.

10. முடிவுரை

இவ்வரலாற்றினின்று மேய்ப்பர் பணியாளர் பெறத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, சேர்க்கையே பாதிச் சிகிச்சை. சபையில் தொல்லை தருபவர் எனப்படும் இளைஞரை எல்லாம் பொறுக்கியெடுத்துத் தனிக் குழுவாக்குவது, நன்னோக்கோடு செய்யப்படினும், செயின்ட் லூயிஸ் ஆய்வு தவறெனக் காட்டிய வழியாகும். அவர்களை ஓரிருவராக ஏனையோர் நடுவே இருத்துதலே நன்று. ஆனால் மனச்சோர்வுற்றோர் ஒத்தவரோடு சேர்ந்து பயிலலாம்.

இரண்டாவது, ஒழுங்கும் நோக்கமும் தேவை. மனம்போனபடி பேசவிடுவதைக் காட்டிலும், குறிப்பிட்ட திறன்களை நாள்வரையறையோடு கற்பித்த குழுக்களுக்கே உறுதியான சான்று உண்டு. குழுவில் பேசப்பட்டவை வெளியே போகக்கூடா என்பதும், உயிருக்கு ஆபத்து நேரும்போது அவ்விதி தளரும் என்பதும் முதல் நாளிலேயே கூறப்படவேண்டும்.

மூன்றாவது, தலைவரின் கண் விளிம்பில் இருக்கவேண்டும். முகாமில் கூட்ட நேரம் சில மணிகளே. எஞ்சிய நேரம் இளைஞருடையது. அந்நேரத்தில் உடனிருக்கப் போதிய பெரியவர்கள் இல்லையெனில், முகாமைச் சிறிதாக்குவதே மேல். ஒருவர் தனியே நடத்துவதினும், ஒருவர் பேசும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்க, இருவராக நடத்துதல் சிறந்தது.

நான்காவது, அறிக்கையிடுதலில் எச்சரிக்கை வேண்டும். கடந்தகாலத் தவறுகளை ஓர் இளைஞன் விரிவாக விவரித்து, கேட்போர் ரசித்துச் சிரிக்கும் சாட்சிகளை நாம் கேட்டிருக்கிறோம். முடிவில் அவன் மனந்திரும்பியதாகக் கூறினாலும், கேட்டவர் மனத்தில் நிற்பது எதுவென நாம் கேட்டதில்லை. நெருக்கிப் பெறப்படும் அறிக்கை அவனுக்கே ஊறு செய்யும்.

ஐந்தாவது, பெற்றோரை மறவாதிருத்தல். ஓரிகன் ஆய்வில் பிள்ளைகளுக்கு நற்பயன் தந்தது பெற்றோரின் குழு. போதகர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு மாலைப் பொழுதே கிடைக்குமாயின், அதை இளைஞர்க்கு அளிப்பதா பெற்றோர்க்கு அளிப்பதா என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய வினா. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையைக் குழுவில் வைத்துக்கொள்ளாமல் உளமருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவதும் மேய்ப்பரின் கடமையே.

இறுதியாக ஒன்று. காபட் தம் அன்பைச் சோதனைக்கு உட்படுத்தினார். உதவி பெற்றவர்களின் நன்றிச் சொற்களோடு அவருடைய திட்டம் நின்றிருக்குமானால், அது வெற்றியென்றே இன்றும் போற்றப்பட்டிருக்கும். அவர் சுண்டிய நாணயமும், மெக்கார்ட் அம்மையாரின் விடாமுயற்சியுமே உண்மையை வெளிக்கொணர்ந்தன. அவ்வுண்மை அவருடைய அன்பைப் பொய்யாக்கவில்லை. அன்பு மட்டும் போதாது, அது அறிவோடும் கண்விழிப்போடும் சேரவேண்டும் எனக் காட்டியது. நம் கூட்டங்களுக்கு வந்து சென்ற இளைஞர் பத்து ஆண்டுகளுக்குப்பின் எந்நிலையில் உள்ளனர் என்று நம்மில் எத்தனை பேர் தேடிப்பார்த்திருக்கிறோம்? வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை இவ்வினாவுக்கு விடையாகாது.